மாப்பிள்ளை வண்டி

ஆகஸ்ட் 17, ஞாயிறு

வண்டியின் மேல் போர்த்தியிருந்த பேனரை இன்று காலை எடுத்தோம். ஏதோ ஒரு காதுகுத்து விழாவுக்கு அடித்த பேனர். அதிலிருந்த முகங்களெல்லாம் வெயிலில் வெளுத்துப்போய், கும்பிடும் கைகள் மட்டும் மிஞ்சியிருந்தன. அடியில் ஒரு பல்லி, காய்ந்த வேப்பிலைகள், சிலந்தி வலை. இரண்டு டயரிலும் காற்றில்லை. ஆனாலும் ஹேண்டில்பாரைத் தொட்டதும் மனசுக்குள் ஒரு துள்ளல். கல்யாணத்தின்போது என் அப்பா மாப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த மோட்டார் பைக் இது. ஸ்கூட்டர் வாங்கிய பிறகு இவர் இதைப் பக்கவாட்டுச் சந்தில் தள்ளி நிறுத்தியதோடு சரி.

வியாழக்கிழமை ஆணை வந்தது. மேலப்பொத்தை நடுநிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியை. நாற்பத்தேழு வயதில், ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் அறிவியல் நடத்தியே தொண்டை போன பிறகு. செப்டம்பர் பத்துக்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் நானே உரிமையை விட்டுக்கொடுத்ததாக எடுத்துக்கொண்டு பட்டியலில் அடுத்து இருப்பவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

சிக்கல் ஒன்றுதான். பாளையங்கோட்டையிலிருந்து போகும் பஸ், ஊருக்குப் பாதை பிரியும் விலக்கோடு நின்றுவிடும். அங்கிருந்து ஊருக்குள் போகும் மினிபஸ், பள்ளியில் மணி அடித்து வெகுநேரம் கழித்துத்தான் வரும். ஒரு ஸ்கூட்டர் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

"எதுக்குப் புது வண்டி? நம்ம வண்டி கெடக்குல்லா. நான் சரி பண்ணித் தாரேன். அந்தக் கல்லு ரோட்டுக்குக் கியர் வண்டிதான் லாயக்கு" என்றார் இவர். "உனக்குத்தான் ஓட்டத் தெரியுமே. சொல்லிக் குடுத்தவன் நான்."

உண்மைதான். கல்யாணமான புதிதில் விடிந்தும் விடியாததுமாக மைதானத்துக்குக் கூட்டிப்போய்ச் சொல்லிக் கொடுத்தார். கிளட்சை எப்படி விட வேண்டும் என்று என் விரல்களின் மேல் தன் விரல்களை வைத்து. நடைபயிற்சிக்கு வந்தவர்கள் எங்களைப் பார்த்து நின்றார்கள். அவர் கவலைப்படவில்லை.

இன்று இருவரும் மாறி மாறி உதைத்தோம். அசையவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

பஞ்சர் கடைக்காரர் வந்து டியூப் மாற்றினார். வலது முழங்கால் வீங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வந்ததும் வண்டியோடு உட்கார்ந்துவிட்டார். பண்டகசாலையில் நாள் முழுக்க அரிசி மூட்டைகளோடு நின்றுவிட்டு வரும் மனுஷர், காப்பியைக்கூடச் சந்திலேயே கொண்டுவரச் சொன்னார். டேங்கில் கிடந்த பழைய பெட்ரோலை வடித்தார். டீத்தண்ணீர் நிறம், வார்னிஷ் நாற்றம். புதுப் பெட்ரோல் ஊற்றினார். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து, எஞ்சின் மேலேயே சாய்த்து வைத்து, "இப்பம் உதை" என்றார். உதைத்தேன். பிளக்கின் நுனியில் நீலமாக ஒரு பொறி.

"பாத்தியா! உயிரு இருக்கு!" என்று சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

மாட்டிவிட்டு உதைத்தபோது வண்டி இரண்டு தடவை தும்மியது. அவ்வளவுதான். கார்பரேட்டர் அடைத்திருக்கும், மெக்கானிக் லூர்து கடையில் கொடுத்துச் சுத்தம் செய்தால் ஓடிவிடும் என்றார். கை முழுக்கக் கரி. நான்தான் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டேன்.

நன்றாகத் தூங்குவேன் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஆவுடை மதினி வந்திருந்தார்கள். இவருடைய அக்கா. என்னைப் போலவே ஆசிரியை, இதே ஒன்றியத்தில்தான் வேலை. கை நிறைய முறுக்கும், வாய் நிறையக் கேலியும்.

"என்ன தலைமையாசிரியையே, காப்பி கெடைக்குமா? இல்ல, நாங்க எந்திரிச்சு நின்னு கேக்கணுமா?"

"போங்க மதினி, நீங்க வேற."

"பட்டியல்ல உனக்கு அடுத்த பேரு யாருதுன்னு தெரியும்லா?"

"தெரியும் மதினி."

"அப்பம் நீ வழுக்கி விழுந்தா நான்தான் ஏந்தணும்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எனக்கு முன்பே வேலையில் சேர்ந்தவர்கள். ஒன்றியம் மாறி வந்ததால் சீனியாரிட்டி போய், எனக்குக் கீழே வந்துவிட்டார்கள். இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. தை மாதம் மகன் சிவராமனுக்குக் கல்யாணம். பெண் வீட்டில் எல்லோரும் பெரிய பெரிய உத்தியோகமாம்.

"பத்திரிகையில என் பேருக்குக் கீழ 'ஆசிரியை'ன்னு போடுததும், 'தலைமை ஆசிரியை'ன்னு போடுததும் ஒண்ணா வடிவு? அவ்வளவு சர்வீஸும் போட்டு, கடைசில வெறும் டீச்சராப் போவணும்னு என் தலையில எழுதியிருக்கு."

பாவமாகத்தான் இருந்தது. முறுக்கு நன்றாக இருக்கிறது என்றேன்.

போகும்போது அக்காவும் தம்பியும் வாசல் கேட்டருகே வெகுநேரம் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததைத் துடைத்து முடித்துவிட்டு எட்டிப் பார்த்தபோதும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். மதினி முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள். அம்மா இறந்த பிறகு இவரை வளர்த்ததே அவர்கள்தான். பேச ஆயிரம் இருக்கும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

லோடு ஆட்டோவில் ஏற்றி வண்டியை லூர்து கடைக்குக் கொண்டுபோனார். நானும் வருகிறேன் என்றேன். "அங்க ஒரே ஆம்பளைக் கூட்டமா நிக்கும். நீ எதுக்கு?" என்று சொல்லிவிட்டார். விடைத்தாள் திருத்தினேன். 'தவளை எதனால் சுவாசிக்கிறது' என்ற கேள்விக்கு ஒரு பையன் 'பழக்கத்தினால்' என்று எழுதியிருக்கிறான். அரை மதிப்பெண் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சாயங்காலம் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்தார். ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றம் முழுவதும் தள்ளி வந்திருக்கிறார், ஆனால் மூச்சுகூட வாங்கவில்லை. மனுஷருக்கு இன்னும் நல்ல உடம்பு.

"லூர்து எல்லாத்தையும் கழட்டி மாட்டிட்டான். எஞ்சின் எறங்கிப்போச்சுங்கான். எதோ ஆயில் ஊத்தியிருக்கு, ஊறணுமாம். ரெண்டு மூணு நாளைக்குத் தொடாத."

மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். சந்தில் நிறுத்தும்போது குறுக்கே வந்து பிடித்தேன், சைலன்சரில் என் கால் பட்டுச் சுட்டுவிட்டது. இந்த வெயிலில் தள்ளி வந்தால் இரும்பு சுடத்தானே செய்யும். தேங்காயெண்ணெய் தடவியிருக்கிறேன்.

கொழுக்கட்டைக்கு மாவு இடித்து வைத்தாயிற்று.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. மார்க்கெட்டில் அச்சில் அழுத்தி எடுத்த களிமண் பிள்ளையார் வாங்கி வந்தார். கண் வைப்பது எங்கள் வீட்டில் எப்போதும் என் வேலை. கடைக்காரர் வைக்கும் கண்ணைப் பிடுங்கிவிட்டு, என் டப்பாவிலிருந்து நல்ல குன்றிமணியாகப் பொறுக்கி வைப்பேன். இந்த வருடம் அகப்பட்டதில் ஒன்றுக்குக் கறுப்பு கோணலாக வழிந்திருந்தது. பரவாயில்லை என்று அதையே இடது கண்ணாக வைத்துவிட்டேன். பிள்ளையார் ஓரக்கண்ணால் கொழுக்கட்டையைப் பார்ப்பதுபோல இருந்தது. இவரும் பார்த்துச் சிரித்தார். இவருக்குப் பக்தி அதிகம். எருக்கம்பூ மாலைக்காக அதிகாலையிலேயே சைக்கிள் எடுத்துக்கொண்டு தண்டவாளத்தோரம் போய் வந்திருந்தார்.

வண்டி ஓட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கூச்சமாக இருந்தது. ஆனாலும் வேண்டிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

நான் பள்ளியிலிருந்து வருவதற்குள் பிள்ளையாரைக் கரைத்துவிட்டார். எப்போதும் இருவரும் சேர்ந்துதான் ஆற்றுக்குப் போவோம். "உனக்குக் கால் வலிதானே, நானே போய் ஆத்துல விட்டுட்டு வந்துட்டேன்" என்றார். வேட்டி நனையவே இல்லை. ஓரமாக நின்றே விட்டிருப்பார். நகக்கண்ணில் களிமண் இருந்தது. நகவெட்டி எடுத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 30, சனி

காலையிலிருந்து உதைத்தேன். தும்மல்கூட இல்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், பெட்ரோலில் நனைந்து சொட்டுகிறது. துடைத்து, வெயிலில் காயவைத்து, மாட்டி, மறுபடி உதைத்தேன். மறுபடி நனைந்திருந்தது. பொறி வருகிறது. பெட்ரோல் வருகிறது. பிறகு என்னதான் குறை?

இவர் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி விடு, முட்டு தேஞ்சுரும்" என்றார். அன்று உப்புத்தாளோடு உட்கார்ந்தவர், இன்று சந்துக்கு இறங்கவே இல்லை. அவருக்கும் அலுத்திருக்கும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மாவு அரைத்தேன். உதைத்தேன். முதலாவதில் மட்டும் பலன்.

செப்டம்பர் 1, திங்கள்

சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தார்.

"வடிவு, நான் சொல்லுதேன்னு தப்பா நெனைக்காத. பேசாம வேண்டாம்னு எழுதிக் குடுத்துரு. போய்ச் சேந்துட்டு, அப்புறம் தெனமும் நேரத்துக்குப் போவ முடியலன்னா மெமோதான் வரும். அசிங்கம்."

"புது ஸ்கூட்டர் எடுத்துருவோமே."

"அந்த ரோட்டுல ஸ்கூட்டர் ஓட்டி விழுந்து கைய கால ஒடிச்சுக்கிட்டா? உடம்பு முக்கியமா, பதவி முக்கியமா? உனக்கு இன்னும் சர்வீஸ் கெடக்கு. அடுத்த பட்டியல்ல பக்கத்து ஊராப் பாத்து எடுத்துக்கலாம்."

என் மேல் அக்கறை இல்லாத மனுஷராக இருந்தால், பதவி வந்தால் சரி என்று விட்டிருப்பார். ரசம் ஊற்றினேன். யோசிக்கிறேன் என்றேன். ஒரு நிமிடம் நிஜமாகவே, சரி, எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றியது. இத்தனை நாள் உதைத்ததில் எனக்குள்ளேயும் எதுவோ இறங்கிப்போய்விட்டது.

செப்டம்பர் 2, செவ்வாய்

மகள் நிவேதாவுக்குப் போன் செய்தேன். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் தண்ணீர் சரியில்லையாம், முடி கொட்டுகிறதாம். வண்டி ஓடவில்லை என்று சொன்னேன்.

"விடும்மா. அத்தைக்கு ரெண்டு வருஷம்தானே இருக்கு. அப்புறம் உனக்குத்தானே."

சரி சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். இட்லிக்குத் துணி நனைக்கும்போதுதான் உறைத்தது. பட்டியலில் அடுத்த பெயர் அத்தையுடையது என்று நான் இவளிடம் சொன்னதே இல்லையே.

அவர் சொல்லியிருப்பார். பேச்சுவாக்கில் வந்திருக்கும்.

செப்டம்பர் 3, புதன்

ஆறாம் வகுப்பில் எரிதல் பாடம். வருடாவருடம் செய்து காட்டுவதுதான். மேசையில் மெழுகுவத்தியை ஏற்றி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்தேன். சுடர் குனிந்து, மெலிந்து, அணைந்தது. "மெழுகு இருக்கு, நெருப்பு இருந்துச்சு. பிறகு ஏன் அணைஞ்சுது?" என்று வழக்கம்போலக் கேட்டேன். "காத்து இல்ல டீச்சர்!" என்று வகுப்பே கத்தியது.

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். "டீச்சர், அடுத்து என்ன?" என்று யாரோ கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து, சேலையைக்கூட மாற்றாமல் வண்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். உள்ளே ஏர் பில்டர் பெட்டி. காற்றை உறிஞ்சும் அதன் வாய், விரற்கடை அகலம்கூடத் திறந்திருக்கவில்லை. மண்ணால் அடைந்திருந்தது.

குளவி! என்னையறியாமல் சத்தமாகச் சிரித்தேன். குளவிகள் சாவித்துவாரத்தைக்கூட விடுவதில்லை. இவருக்கும் தோன்றவில்லை, லூர்துவுக்கும் தோன்றவில்லை, விலங்கியல் படித்தவளுக்குத் தோன்றியிருக்கிறது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதும் மண் கட்டியாகக் கையில் வந்தது. குளவிக் கூடென்றால் உள்ளே அறைகள் இருக்கும், மயங்கிய புழுக்கள் இருக்கும், நாளை பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று கவனமாக உடைத்தேன்.

அறைகள் இல்லை. புழு இல்லை. வைக்கோல் துணுக்கு இருந்தது. நடுவில் ஒரு குன்றிமணி.

கறுப்பு கோணலாக வழிந்திருந்தது.

அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு மூடியை மாட்டினேன். கை கழுவினேன். பருப்பு வேகவைத்தேன். அவர் வந்து, "என்ன, ஒரு மாதிரி இருக்க?" என்றார். தலைவலி என்றேன். தைலம் தேய்த்துவிட்டார்.

செப்டம்பர் 4, வியாழன்

பள்ளியிலிருந்து வரும்போது வேண்டுமென்றே மேம்பாலத்து வழியாக வந்தேன். லூர்து கடை வாசலில் ஒரு வண்டிக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. நின்றேன், அவ்வளவுதான்.

"வாங்க டீச்சர்! வண்டி எப்பிடி ஓடுது? அன்னைக்கு சார் ஓட்டிட்டுப் போவும்போது சவுண்டு பட்டு மாதிரில்லா இருந்துச்சு. பழைய எஞ்சின் பழைய எஞ்சின்தான்!"

"நல்லா ஓடுது" என்றேன்.

லூர்து மேல் வருத்தம் இல்லை. அவர் வண்டியைச் சரிசெய்தார். வண்டியும் சரியாகத்தான் இருந்தது. இவர்தான் ஓட்டிக்கொண்டு வந்து, தெருமுனையில் அணைத்து, அங்கிருந்து தள்ளியிருக்கிறார். என் காலில் அந்தச் சூட்டுப் புண் இன்னும் ஆறவில்லை. வெயில் என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். அன்று அவர் வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது.

செப்டம்பர் 5, வெள்ளி

விடுமுறை. எழுத ஒன்றுமில்லை. அவர் சட்டைகளை இஸ்திரி போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 6, சனி

காலையில் அவர் குளியலறைக்குள் போனதும் சந்துக்குப் போனேன். பில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தேன். பிளக்கைத் துடைத்து மாட்டினேன். பெட்ரோலைத் திறந்து, சோக்கை இழுத்து, ஒரு உதை. இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது. சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளத் தள்ள, சத்தம் சீரானது. லூர்து சொன்னது சரி. பட்டு மாதிரிதான்.

பிரஷ்ஷோடு ஓடி வந்தார். வாயில் நுரை.

"எப்பிடி ஸ்டார்ட் ஆச்சு?"

ஸ்டார்ட் ஆகிவிட்டதா என்று கேட்கவில்லை. எப்படி என்று கேட்டார்.

"காத்து போகாம இருந்திருக்கு. பில்டர் வாயில குளவி கூடு கட்டியிருக்கு" என்றேன்.

அந்த முகத்தில் வந்த நிம்மதியை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். "குளவியா! பாத்தியா, எனக்கு அது தோணவே இல்ல பாரு! நீ கெட்டிக்காரிட்டி!" என்று என் தோளில் தட்டினார். உண்மையைச் சொல்ல ஒரு கதவை நானே திறந்து வைத்தேன். அவர் அதைச் சாத்திவிட்டு, பாராட்டவும் செய்தார்.

கையை விரித்துக் காட்டினேன்.

"இந்தக் குளவிக்குக் கண்ணு இருந்துச்சு."

வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. நுரை அவர் தாடையில் வழிந்தது. துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "வண்டிய ஆஃப் பண்ணு, தெருவுல பாக்காவ" என்றார்.

"ஓடட்டும்."

"அக்கா வந்து அழுதா வடிவு. என்னைய வளத்தவ. அவ ஒண்ணு கேட்டு நான் எப்பிடி இல்லன்னு சொல்ல? ரெண்டே வருசம்தான். உனக்கு அதுக்குப் பெறகும் எவ்வளவோ இருக்கு."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா விட்டுக் குடுத்திருப்பியா?"

விட்டுக் கொடுத்திருப்பேனா? தெரியாது. முறுக்குத் தட்டை வைத்துக்கொண்டு மதினி என் எதிரில் உட்கார்ந்து அழுதிருந்தால் கொடுத்திருப்பேனோ என்னவோ. கொடுத்துவிட்டுக் கொஞ்ச நாள் உள்ளுக்குள் புழுங்கியிருப்பேன், கொஞ்ச நாள் பெருமைப்பட்டுமிருப்பேன். இல்லை, மாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருப்பேனோ. நான் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்ள ஒரு சந்தர்ப்பம் வந்தது. அதையும் சேர்த்துத்தான் அடைத்துவிட்டார்கள்.

"மிச்சப் பிள்ளையார எங்க கரைச்சிய?"

"ஆத்துலதான்."

"ஒத்தக் கண்ணோடயா?"

தலையைக் குனிந்துகொண்டார். அப்போதுதான் அவருக்கு வெட்கம் வந்தது. என் முன்னால் வரவில்லை, பிள்ளையாருக்காக வந்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

நடந்ததைச் சொன்னதும் நிவேதா போனில் அழுதாள். "நீ விழுந்துருவன்னு பயமா இருக்குன்னு அப்பா சொன்னாரும்மா. வண்டி ஓடாம இருந்தா நல்லதுன்னு சொன்னாரு. மண்ணு வச்சது எல்லாம் எனக்குத் தெரியாதும்மா." நம்புகிறேன். ஆனால் ஓடாமல் இருப்பது நல்லது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்தபோது, நான் மட்டும் முட்டு வீங்க உதைத்துக்கொண்டிருந்தேன். யாரும், போதும், நிறுத்து, காரணம் இது என்று சொல்லவில்லை. வலிக்கும் முட்டுக்குத் தைலம் மட்டும் தந்தார்கள்.

மதினியிடமிருந்து அழைப்பு இல்லை.

சேலையில் கியர் வண்டி ஓட்ட முடியாது. அலமாரியிலிருந்து இரண்டு சுடிதாரை எடுத்து இடுப்புத் தையலைப் பிரித்துத் தளர்த்தினேன்.

செப்டம்பர் 8, திங்கள்

சேர்ந்துவிட்டேன்.

விலக்கு வரைக்கும் பயம். லாரிகள். விலக்கில் திரும்பியதும் ரோடு கல்லும் மண்ணுமாக இருந்தது, ஆனால் யாருமில்லை. இரண்டாவது கியரில் மெதுவாகப் போனேன். ஒரு பனைக்கூட்டம், பிறகு பொத்தை என்கிற சின்னக் குன்று, பொத்தைக்கு அடியில் மஞ்சள் அடித்த பள்ளிக்கூடம். இவ்வளவு சின்னப் பள்ளிக்கூடமா என்று இருந்தது. இதற்காகவா ஒரு தெய்வத்தின் கண்ணைப் பிடுங்கினார்கள்?

சமையல் செய்யும் அம்மா வாசலில் நின்றிருந்தார்கள். "புது டீச்சரா? வண்டியிலயா வந்திய, அதுவும் கியர் வண்டியில? யாரு சொல்லிக் குடுத்தா?"

"எங்க வீட்டுல" என்றேன்.

அது பொய்யில்லை. அதுதான் சங்கடம். மைதானத்தில் என் விரல்களின் மேல் வைத்த அந்தக் கை நிஜம். பொறியைப் பார்த்து, உயிர் இருக்கிறது என்று சிரித்த முகமும் நிஜம். மதினி வரும்வரைக்கும் அவர் இந்த வண்டியை எனக்காகத்தான் சரிசெய்துகொண்டிருந்தார். முழுக்கக் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 11, வியாழன்

மதினி வந்தார்கள். நான் அடுக்களையில் இருந்தேன். "ஏல மந்திரம், அவ பேசுவாளா மாட்டாளா?" என்று தம்பியிடம் கேட்டது காதில் விழுந்தது. காப்பி போட்டுக் கொண்டுபோய் வைத்தேன்.

"என்ன வடிவு, மதினி மேல கோவமா?"

"சீனி போதுமான்னு பாருங்க மதினி."

"நான் அவன்கிட்ட ஒரு வார்த்த சொன்னேன், உண்மைதான். மண்ணள்ளி வைக்கச் சொன்னேனா? அவன் செஞ்ச கோட்டிக்காரத்தனத்துக்கு நான் என்ன செய்ய?"

இவர் அந்தப் பக்கம் திரும்பி நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கைவிட்டதும் மனுஷரின் கழுத்து சின்னதாகிப்போனது. ஒரு கணம் பாவமாக இருந்தது. எழுதக்கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

"பத்திரிகையில என்ன போடப்போறிய?" என்று கேட்டேன்.

மதினி காப்பியைக் குடித்தார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

திங்கட்கிழமை சாயங்காலம் வீடு திரும்பி வண்டியை நிறுத்தியதும், யோசிக்காமலேயே பிளக்கைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தேன். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். காலையில் மாட்டுகிறேன், சாயங்காலம் கழற்றுகிறேன். கழற்றிய ஓட்டையில் தூசி விழாமல் ஒரு துணியைத் திணித்துவிடுகிறேன்.

இன்று ஞாயிறு, மார்க்கெட்டுக்கு ஓட்டிப் போய் வந்து, வண்டியைத் துடைத்துவிட்டுக் கழற்றும்போது சந்து வாசலில் வந்து நின்றார்.

"இத தெனமும் கழட்டணுமா வடிவு?"

"பழகிட்டு."

"நான் இனிமே..." என்று ஆரம்பித்தார்.

முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். முடிக்கவில்லை. "பிளக்கு மரை கழண்டுரும், பாத்து. நேரா வச்சுத் திருகு. ஸ்பேனர சாய்க்காத" என்று மட்டும் சொன்னார். அது நல்ல யோசனைதான். நேராக வைத்துத் திருகினேன். பிறகு மைதானத்துப் பக்கம் நடந்து வருகிறேன் என்று போனார்.

குன்றிமணியைத் திரும்ப டப்பாவில் போடவில்லை. அடுத்த வருடம் வேறு கண்தான் வைக்க வேண்டும்.

பிளக்கை ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்ததில் உறையில் எண்ணெய்க் கறை பட்டுவிட்டது, ஊறவைத்தும் போகவில்லை. நாளைக்கு மூடியுள்ள ஒரு பழைய டப்பா பார்க்க வேண்டும்.